ஊஞ்சல்வீட்டார் – 11. நீங்க எந்த வழி?

அன்றைக்கு மரண அறிவிப்புப் பக்கம் நிறைந்து கிடந்தது.

பெரியவர் பேப்பரைத் திறப்பதே அந்தப் பக்கத்தில்தான். யார் ஆள்கிறார்கள், யார் கவிழ்ந்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு அப்புறம். அதை எழுதுகிறவன் நேற்று ஒன்று சொல்வான், இன்றைக்கு வேறொன்று சொல்வான். செத்தவன் செத்தவன்தான், அதிலாவது பொய் சொல்ல மாட்டார்கள் என்று நம்பியிருந்தார். உலகத்தில் அவர் நம்பியது அந்த ஒன்றைத்தான்.

பஸ் டிப்போவில் பிரேக் பார்க்கிற ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். படிப்பு அவ்வளவாக ஏறவில்லை. வரிக்கு வரி விரலை வைத்து, உதட்டை அசைத்துத்தான் படிப்பார். விரல் பாதிப் பக்கம் போவதற்குள் காபி ஆறிவிடும்.

"பல்லு விளக்கிட்டு வந்து பாருங்களேன். அவங்க எங்கயும் எந்திரிச்சுப் போயிட மாட்டாங்க" என்றாள் மனைவி.

"உன் வேலையைப் பாரு."

"என் வேலையே உங்களைப் பாக்குறதுதானே. தெருவுல என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? எங்க சாவு விழுந்தாலும் உங்க வீட்டுக்காரர் முன்வரிசையில உக்காந்திருக்காராமே, நாற்காலி வாடகைக்கு விடுறாரான்னு கேக்குறாங்க."

விரல் ஓர் இடத்தில் நின்றுவிட்டது.

இடையில் ஓரிரு வாரம் விட்டுப்போனவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரியவருக்கும் அவர் தம்பிக்கும் ஒரு தங்கை உண்டு. அவள் பிறந்த அன்றைக்கே தாய் போய்விட்டாள். பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாத அப்பா, பிள்ளையில்லாத ஒரு தம்பதியிடம் அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். யாரிடம் என்று கேட்டபோதெல்லாம், "ஊஞ்சல்வீட்டுக்காரங்க, நல்லவங்க" என்பதைத் தவிர அந்த மனிதர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. கடைசி வரைக்கும் வரவில்லை.

இப்போது அப்பாவின் பழைய வீட்டை விற்க ஏற்பாடு. வக்கீல் தலையில் குண்டைத் தூக்கிப் போட்டார். எழுத்துப்பூர்வமாகத் தத்துக் கொடுக்காத பெண்ணும் வாரிசுதான், அவள் கையெழுத்து இல்லாமல் வீடு கைமாறாது என்றார். அன்றிலிருந்து தம்பிக்குத் தங்கை மேல் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது. பெரியவருக்குப் பாசம் முன்பே இருந்தது. தேடத்தான் தெரியவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் அவர் பிடிவாதமாக இருந்தார். இத்தனை வருஷம் கழித்து வந்து நிற்கிறோம். அவள் முதலில் பார்ப்பது அண்ணன்களின் முகமாக இருக்க வேண்டும், வீட்டுப் பத்திரமாக இருக்கக் கூடாது. கையெழுத்துக்காகத்தான் தேடி வந்தார்கள் என்று அவள் ஒருமுறை நினைத்துவிட்டால், அப்புறம் ஆயிரம் தடவை 'தங்கச்சி' என்று கூப்பிட்டாலும் அது ஒட்டாது. பத்திரத்தைக் கையோடு கொண்டுவரக் கூடாதென்று தம்பியிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

ஊஞ்சல்வீட்டார் என்பது ஒரு சின்னக் கூட்டத்தில் ஒரு வீட்டுக்கு வழங்கும் பேர். விளக்குவீட்டார், ஏணிவீட்டார், ஊஞ்சல்வீட்டார் என்று அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வீட்டுப் பேர் உண்டு. செத்தால் பேப்பரில் அதைப் போடாமல் விட மாட்டார்கள். கீழே மகன்கள், மகள்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், யார் எந்த ஊரில் என்ன உத்தியோகம் என்று கல்யாணப் பத்திரிகை மாதிரி நீட்டி முழக்குவார்கள். உயிரோடு இருக்கிறவளைக் கண்டுபிடிக்கச் செத்தவர்களைப் படிக்கலாம் என்பது தம்பியின் யோசனை.

யோசனை நன்றாகத்தான் இருந்தது. நடந்ததுதான் நன்றாக இல்லை. ஓர் இடத்தில் பந்தல்காரர்கள் என்று நினைத்து மேஜையைத் தூக்கச் சொன்னார்கள். போன வாரம் சாவுக்குப் போயிருந்த வேறொரு வக்கீல் வீட்டில், சொத்துக்கு வந்தவர்கள் என்று நினைத்து நாயை அவிழ்த்து விட்டார்கள். பெரியவரின் வேட்டி ஓரம் இன்னும் தைக்காமல் கிடக்கிறது.

இப்போது விரல் நின்ற இடத்தில் இப்படி இருந்தது: ஊஞ்சல்வீட்டு, காலஞ்சென்ற மரக்கடைக்காரரின் மனைவி, மூப்பினால் காலமானார். ஒரு மகன், மூன்று மகள்கள். கடைசி மகள் தையல் பள்ளி நடத்துகிறார்.

போன் அடித்தது. தம்பிதான்.

"அண்ணே, பார்த்தியா?"

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"கடைசிப் பொண்ணு. வயசு ஒத்துவருது."

"வயசு எங்கடா போட்டிருக்கான்?"

"போடலை. மத்த பொண்ணுங்களோட பேரப்பிள்ளைங்களை வச்சு நானே தோராயமா..."

"உன் தோராயத்தாலதான் போன வாரம் நாய் கடிக்க வந்துது."

"அண்ணே, இந்தத் தடவை தப்பாது. என் படத்துல இவங்களுக்குச் சரியா ஒரு இடம் காலியா இருக்கு. நீ கிளம்பி வா."

தம்பி இன்சூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர். பழைய காலண்டர் தாள்களைத் திருப்பி ஒட்டி, சுவர் முழுக்க ஒரு வம்சப் படம் வரைந்து வைத்திருந்தார். அவர் சம்சாரம் அந்தச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் குளியலறைக்கு மாற்றிவிட்டு, அன்றிலிருந்து அவரோடு சரியாகப் பேசுவதில்லை.

படத்தின் உச்சியில் கண் டாக்டர் இருந்தார். ஊஞ்சல்வீட்டாரிலேயே பேர் வாங்கினவர் அவர் ஒருவர்தான். எத்தனையோ பேருக்குப் பார்வை கொடுத்தவர். ஒரு ரோட்டுக்கு அவர் பேர். அந்த ரோட்டு முனையில் மார்பளவு சிலை. அவர் வாழ்க்கையை யாரோ தடியாக ஒரு புத்தகம் எழுதியிருக்க, தம்பி அதை அட்டை கழன்று போகிற அளவுக்குப் படித்திருந்தார். பேப்பரில் எந்த ஊஞ்சல்வீட்டார் செத்தாலும், 'கண் டாக்டர் குடும்பத்தைச் சேர்ந்தவர்' என்று ஒரு வரி இருக்கும். தம்பி உடனே டாக்டரிலிருந்து ஒரு கோடு இழுத்துவிடுவார்.

"இவ்வளவு சொந்தமா ஒரு மனுஷனுக்கு?" என்று பெரியவர் படத்தைப் பார்த்துக் கேட்டார்.

"பெரிய மனுஷன்னா அப்படித்தான் அண்ணே."

"நோயாளியை எப்பப் பார்த்தாரு?"

தம்பி சிரிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, தோளில் ஒரு பையையும் மாட்டிக்கொண்டார்.

"பையில என்ன?" என்றார் பெரியவர் பஸ் நிறுத்தத்தில்.

"குடை."

"வெயிலுமில்ல, மழையுமில்ல."

"வந்தா?"

பெரியவர் பையைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

சாவு வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. தெருவை அடைத்துத் தார்ப்பாய் கட்டி, கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எடுத்துப்போய் முடித்துவிட்டார்கள்; வந்தவர்கள் காகித கப்பில் டீயை வைத்துக்கொண்டு, செத்தவளைப் பற்றிக் கொஞ்சமும் வேலை மாற்றம், பல் வலி பற்றி நிறையவும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பெரியவர் ஓரமாகக் கிடந்த ஒரு மர நாற்காலியில் போய் உட்காரப் போனார்.

"அதுல உக்காராதீங்க. கால் ஆடும்."

சாம்பல் நிறப் புடவையைத் தூக்கிச் செருகிய ஒரு பெண்பிள்ளை, கையில் டீத் தட்டோடு நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது. பெரியவருக்கு யார் எதைச் செய்யாதே என்றாலும் செய்து பார்க்கிற சுபாவம். உட்கார்ந்தார். நாற்காலி பின்பக்கம் மடங்கி, அவர் கால் இரண்டும் மேலே போயின.

"சொன்னேன்ல?" என்று அவள் தட்டைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, அவரை அக்குளில் பிடித்துத் தூக்கி வேறு நாற்காலியில் வைத்தாள். "அடி பட்டுச்சா?"

"இல்ல."

"பட்டாலும் சொல்ல மாட்டீங்க போல. டீயைக் குடிங்க."

டிப்போவில் ஒரு ஃபோர்மேன் இருந்தான், இதே தோரணையில்தான் பேசுவான் என்று பெரியவர் நினைத்துக்கொண்டார். அவள் அடுத்த வரிசைக்குப் போய், அங்கே ஒருவர் கப்பைத் தரையில் போட்டதற்கு அவரையே குனிந்து எடுக்க வைத்தாள்.

தம்பி கழுத்தை நீட்டி நீட்டி வீட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். "தையல் பள்ளி எதுன்னு தெரியலையே."

"யாரு அது, என்ன வேணும்?" என்று ஒரு குரல் பின்னாலிருந்து வந்தது.

செத்தவளின் மகன். மரக்கடையை இப்போது நடத்துகிறவர். சட்டையில் தூசியே இல்லாவிட்டாலும் மரத்தூள் வாசனை அடித்தது.

"வணக்கம். பேப்பர்ல பார்த்தோம். மனசு கேக்கலை, வந்துட்டோம்" என்று தம்பி எழுந்து கை குவித்தார்.

"நல்லது. நீங்க எந்த வழி?"

அந்தக் கூட்டத்தில் இதுதான் முதல் கேள்வி. இதற்குத் தடுமாறினால் அடுத்தது நாய்தான். தம்பி தயாராக இருந்தார்.

"டாக்டர் வழி."

மரக்கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, சாவு வீட்டில் சிரிக்கக் கூடாத அளவுக்குச் சிரித்தார். பக்கத்தில் பல் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"காலையிலேர்ந்து வந்தவங்க எல்லாருமே டாக்டர் வழிதான் சார். எங்க வழியில வந்தது நாங்க மட்டும்தான்."

"புரியலை."

"ஊஞ்சல் தொங்கினது எங்க வீட்ல. இதோ, இந்த ஹால்ல. டாக்டரோட அப்பா எங்க மாடியில வாடகைக்கு இருந்தவர். அவங்களுக்கு லெட்டர் வந்தா 'ஊஞ்சல்வீடு, மாடி'ன்னு விலாசம் போட்டு வரும். பையன் படிச்சுப் பெரிய டாக்டராயிட்டார். மாடியை விட்டுட்டு விலாசத்தைத் தன் பேருக்கு முன்னால ஒட்டிக்கிட்டார். ரோட்டுக்குப் பேர் வச்சதும் பாருங்க, கம்பவுண்டர் ஊஞ்சல்வீட்டார் ஆயிட்டாரு. கார் டிரைவர் ஊஞ்சல்வீட்டார். கண்ணாடிக் கடைக்காரர் ஊஞ்சல்வீட்டார். கண்ணுல மருந்து விட்டுக்கிட்டவன், கதவைத் திறந்துவிட்டவன் எல்லாம் ஊஞ்சல்வீட்டார். சாவு விழுந்தா பேப்பர்ல டாக்டர் குடும்பம்னு போட்டுக்குவான். போட்டா கேக்க ஆள் இருக்கா?"

தம்பியின் முகம் சுண்டிவிட்டது. சுவரில் ஒட்டியிருந்த காலண்டர் தாள் மொத்தமும் அவர் கண் முன்னால் கழன்று விழுந்திருக்கும். அத்தனை கோடும் டாக்டரிலிருந்து இழுத்தது.

பெரியவருக்கு உள்ளே சூடு ஏறியது. எத்தனை வீடு, எத்தனை பஸ். கம்பவுண்டர் வீட்டுச் சாவுக்கும் டிரைவர் வீட்டுச் சாவுக்கும் போய்த் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். அதில் ஒரு வீட்டில் கண்ணீர்கூட விட்டார். நாட்டில் ஒரு பேரை நம்ப முடியவில்லை. செத்தவன் பேரையும் நம்ப முடியாது என்றால் மனுஷன் எதைத்தான் படிப்பது?

"பார்த்தியாடா உன் வம்சத்தை" என்று தம்பியிடம் சொன்னார். பிறகு மரக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். "இவன் சொன்னது பொய். நாங்க எந்த வழியும் இல்ல."

"அண்ணே!"

"சும்மா இரு. பொய் சொல்லிச் சொல்லித்தான் இவ்வளவு அலைச்சல். சார், எங்களுக்கு ஒரு தங்கச்சி. பொறந்த அன்னைக்கே ஊஞ்சல்வீட்டுக்காரங்ககிட்ட குடுத்துட்டாங்க. அதைத் தேடித்தான் இழவு இழவா ஏறி இறங்கிட்டு இருக்கோம். உங்க கடைசித் தங்கச்சி, தையல் பள்ளி நடத்துறவங்க, அவங்களா இருக்குமோன்னு வந்தோம். நாயை அவிழ்க்கிறதா இருந்தா இப்பவே அவிழ்த்துடுங்க."

மரக்கடைக்காரருக்குக் கோபம் வரவில்லை. வேறு ஏதோ கணக்கு அவர் முகத்தில் ஓடியது.

"அது எங்கம்மா பெத்த பொண்ணு. அப்படியே எங்கம்மா மூக்கு. நீங்க வளர்த்த பிள்ளையைத் தேடுறீங்களா?"

"ஆமா."

"பேப்பர்லயா தேடுறீங்க?"

"வேற எங்க தேடுறது?"

"எப்படிக் கிடைக்கும்? எங்க ஆளுங்க வளர்த்த பிள்ளையைப் பேப்பர்ல போட மாட்டாங்க. பெத்தது மட்டும்தான். தாத்தா காலத்துலேர்ந்து அப்படித்தான். வளர்த்தவரே செத்தாலும், சொத்துத் தகராறு வந்துடக் கூடாதுன்னு பிள்ளைகள் இல்லைன்னு போட்டுடுவாங்க."

பெரியவர் கையிலிருந்த காகித கப் நசுங்கியது. மிச்சம் இருந்த டீ வேட்டியில் கொட்டியது. தினம் பல் விளக்காமல் உட்கார்ந்து, விரல் தேயத் தேயப் படித்தாரே, அதில் எந்த வரியிலும் அவள் இருந்திருக்கவே வழியில்லை. இருக்கிற இடத்தை விட்டுவிட்டு, இருக்கவே முடியாத இடத்தில் தேடியிருக்கிறார்கள். இதை ஒருவர்கூட வாயைத் திறந்து சொல்லவில்லை. கேட்காமல் எப்படிச் சொல்வார்கள்? 'டாக்டர் வழி' என்று இவர்கள்தான் வாயை அடைத்துவிட்டார்களே.

"எங்க சித்தப்பாவுக்குப் பிள்ளை இல்ல" என்றார் மரக்கடைக்காரர் மெதுவாக. "ஒரு பொண்ணை வளர்த்தாங்க. சித்தப்பா, சித்தி காலத்துக்கு அப்புறம் அது இங்க வந்துருச்சு. படுத்த படுக்கையா இருந்த எங்கம்மாவைப் பார்த்துக்கிட்டது அதுதான். உங்களைத் தூக்கி உக்கார வச்சது யாருன்னு நினைச்சீங்க?"

பெரியவர் திரும்பிப் பார்த்தார். சாம்பல் நிறப் புடவை அங்கே இல்லை.

"பின்னாடி பாத்திரம் கழுவிட்டு இருக்கும்."

அவர் எழுந்தார். வீட்டின் பக்கவாட்டில் ஒரு குறுகலான சந்து. காலைப் பார்த்து வைத்து நடந்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தும், என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. 'நான் உன் அண்ணன்' என்று சொல்லலாம். நாற்காலியிலிருந்து மல்லாக்க விழுந்தவன் வந்து அதைச் சொன்னால் எப்படி இருக்கும்?

குழாயடியில் அவள் டீப் பாத்திரத்தை அலசிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"டீ பத்தலையா?"

"இல்ல... அந்த நாற்காலி..."

"அதை இன்னைக்கே விறகுக்குப் போடச் சொல்லிட்டேன். நீங்க கவலைப்படாதீங்க."

"அதில்லம்மா. நான் வந்தது..."

அப்போதுதான் முன்பக்கத்திலிருந்து மரக்கடைக்காரரின் குரல் கேட்டது. மரத்தை அறுக்கிற சத்தத்துக்கு மேல் கத்திப் பழகின குரல். தெருவுக்கே கேட்டிருக்கும்.

"ஏம்மா, கொஞ்சம் முன்னால வா! இவங்களுக்கு உன் கையெழுத்து ஒண்ணு வேணுமாம்!"

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். குடையாம், குடை!

அவள் குழாயை மூடினாள். கையைப் புடவையில் துடைத்தாள். முகத்தில் ஆச்சரியமும் இல்லை, வருத்தமும் இல்லை. கடைக்கு யாரோ வந்தால் எழுந்து போகிற மாதிரிதான் எழுந்தாள்.

"பேனா வச்சிருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டே நடந்தாள். "வளர்த்த அப்பா வீட்டுக்கு எனக்குப் பாத்தியதை இல்லைன்னு போன வருஷம் இவங்களுக்குப் போட்டுக் குடுத்தேன். அன்னைக்கும் பேனா தேட ஒரு மணி நேரம் ஆச்சு."

முன்னால் தம்பி பல்லெல்லாம் தெரிய நின்றுகொண்டிருந்தார். பையிலிருந்து எடுத்த பத்திரம் ஒரு பிளாஸ்டிக் உறையில், கசங்காமல் இருந்தது.

"தங்கச்சி!" என்றார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. பத்திரத்தை வாங்கினாள். கண்ணுக்கு எட்டத் தள்ளிப் பிடித்து, விலாசம் இருந்த வரியில் நின்றாள். வெகு நேரம் நின்றாள்.

"அப்ப நீங்க பெரியவர்" என்றாள் அண்ணனைப் பார்த்து. "இவர் சின்னவர்."

"உனக்குத் தெரியுமா?" என்றார் பெரியவர்.

"வளர்த்த அம்மா சொல்லிட்டுத்தான் போனாங்க. வீடு எது, யார் யார் இருக்காங்க, எல்லாம் தெரியும்."

"தெரிஞ்சிருந்தா நீயே ஒரு தடவை வந்திருக்கலாமே!" என்றார் தம்பி. இந்த மாதிரி இடத்தில் இந்த மாதிரிக் கேள்வியைக் கேட்க அவர் ஒருவரால்தான் முடியும்.

"வரத்தான் இருந்தேன். உங்கப்பா போனதைப் பேப்பர்ல பார்த்தேன். படம் போட்டிருந்தீங்க. நான் அவரைப் பார்த்ததே இல்லையே, அதைக் கத்தரிச்சு வச்சுக்கிட்டு நேர்ல ஒரு நடை வரலாம்னு கத்தரிக்கோலை எடுத்தேன். கீழே 'இரண்டு மகன்கள்'னு இருந்துச்சு." அவள் பத்திரத்தை உறைக்குள் திரும்பச் செருகினாள். "கத்தரிக்கோலை இருந்த இடத்துல வச்சுட்டேன்."

நாற்காலிகளில் பேச்சு நின்றுபோயிருந்தது.

"அதை... அந்த விளம்பரத்தை இவன்தான் எழுதிக் குடுத்தான்" என்றார் பெரியவர்.

"நீங்க படிக்கலையா?"

படித்தார். நன்றாக ஞாபகம் இருந்தது. விரலை வைத்து, ஓர் எழுத்து விடாமல் படித்தார். அப்பா பேரில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னதே அவர்தான். 'இரண்டு மகன்கள்' என்ற இடத்தில் விரல் நிற்கவே இல்லை.

இத்தனை நாளும் அடுத்தவன் வீட்டு அறிவிப்பில் அவளைக் காணோமே என்று திட்டிக்கொண்டு திரிந்தார். சொந்த வீட்டு அறிவிப்பில் அவளை விட்டது யார்? அவருக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. எப்போதும் கையில் ஓர் ஆள் இருக்கும். இன்றைக்கு ஆள் இல்லை.

"படிச்சேன்" என்றார்.

அவள் அந்த ஒரு வார்த்தையை எடைபோடுகிற மாதிரி அவரைப் பார்த்தாள். பதிலுக்குத் திட்டவும் இல்லை, அழவும் இல்லை.

"கையெழுத்துப் போடுறேன்" என்றாள். "சொத்துல எனக்கு ஆசை இல்ல. ஆனா ஒண்ணு. நான் அந்த வீட்லதான் பொறந்தேன்னு சொன்னாங்க. அம்மா அங்கதான் போனாங்களாம். அந்த ரூமை ஒரு தடவை பாக்கணும். பார்த்துட்டுப் போடுறேன்."

"பின்னாடி ரூம்" என்றார் பெரியவர் அவசரமாக. அவரால் கொடுக்க முடிந்தது ஒன்றாவது கிடைத்ததே என்று ஓர் அடி முன்னால் வந்தார். "அப்படியே இருக்கு. அம்மா சாய்ஞ்சு உக்கார்ற ஜன்னல்கூட இருக்கு. அப்பா அதுல ஒரு ஆணி அடிக்க விட்டதில்ல. நான் கூட்டிட்டுப் போறேன். நான் காட்டுறேன்."

"வியாழக்கிழமை வர்றேன். அதுக்குள்ள இங்க ஆளுங்க வர்றது குறைஞ்சிடும்."

"வியாழக்கிழமை" என்றார் பெரியவர்.

பஸ் நிறுத்தம் வரை அவர் தம்பியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நிறுத்தத்தில் நின்றதும் பிடித்துக்கொண்டார்.

"சத்தியம் பண்ணினியேடா. குடைன்னு சொன்னியே."

தம்பி பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வராத பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"என்னடா?"

"அண்ணே, அது வியாழக்கிழமை வர வேண்டாம்னு ஏதாவது சொல்லேன்."

"ஏன்?"

"கொஞ்சம் தள்ளிப் போடு. அது மனசு மாறிக் கையெழுத்தை முதல்ல போட்டுட்டா..."

"ஏன்டான்னு கேட்டேன்."

"வாங்குறவங்க அவசரப்பட்டாங்க அண்ணே. எப்படியும் இடிக்கத்தானே போறோம், சாவியைக் குடுங்க, சாமான் இறக்கி வைக்கணும்னாங்க. கையெழுத்து கிடைச்சுடும்னு நான்தான்... குடுத்துட்டேன். நேத்து போய்ப் பார்த்தேன். முன்னால ரோடு குறுகல், லாரி நிக்காதுன்னு பின்பக்கத்துலேர்ந்து பிரிக்க ஆரம்பிச்சிருக்காங்க. கூரை ஓட்டை இறக்கிட்டாங்க."

"ரூம்?"

"ஓடு இறக்கினதைத்தான் பார்த்தேன். சுவர் நேத்து நின்னுது. இன்னைக்குத் தெரியாது."

பெரியவர் கையை ஓங்கினார். பஸ் நிறுத்தத்தில் நின்ற ஓர் அம்மாள் தன் பையை இழுத்துக்கொண்டு ஒதுங்கினாள். ஓங்கின கை அப்படியே நின்றது. அடித்து என்ன ஆகப் போகிறது? 'அப்படியே இருக்கு' என்று சொல்லிவிட்டு வந்தது இவர் வாய். முதல் முறை தங்கையிடம் ஒரு வாக்குக் கொடுத்தார், சொன்ன வாய் மூடுவதற்குள் அது பொய்யாகிவிட்டது. வியாழக்கிழமை அவள் வந்து பார்க்கும்போது செங்கல் குவியல்தான் இருக்கும். கையெழுத்துக்காக இதையும் சொல்லி ஏமாற்றினார்கள் என்றுதான் நினைப்பாள். அவள் இடத்தில் யார் இருந்தாலும் வேறு எதை நினைப்பார்கள்?

"அவங்களுக்குப் போன் போடு. கையை வைக்கக் கூடாதுன்னு சொல்லு."

"போட்டுட்டேன் அண்ணே, காலையிலேர்ந்து எடுக்க மாட்டேங்குறாங்க."

"எடுக்கிற வரைக்கும் போடு!"

திரும்பி நடந்தார். முழங்கால் வலித்தது, நாற்காலியிலிருந்து விழுந்தபோது இடுப்பிலும் அடி பட்டுத்தான் இருந்தது. தம்பி பின்னாலேயே ஓடி வந்தார்.

"அண்ணே, எங்க போற? உண்மையைச் சொல்லிடாதே. சொன்னா அது கையெழுத்தே போடாது. அண்ணே!"

தார்ப்பாய்க்குக் கீழே நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் வருவதைப் பார்த்து நிறுத்தினாள். மூச்சு வாங்க நின்றவருக்கு ஒரு நாற்காலியை எடுத்து, காலை அசைத்துச் சரிபார்த்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"வியாழக்கிழமை வேண்டாம்" என்றார். "இப்பவே கிளம்பு. இன்னைக்கே பார்த்துடலாம்."

"இன்னைக்கா? வீட்ல இவ்வளவு வேலை கிடக்கு. அப்படி என்ன அவசரம்?"

தெருமுனையில் தம்பி காதில் போனை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் 'வேண்டாம், வேண்டாம்' என்று ஆட்டிக்கொண்டிருந்தார். அவள் அதையும் பார்த்தாள். பெரியவர் முகத்தையும் பார்த்தாள்.

அடுக்க எடுத்திருந்த இன்னொரு நாற்காலியை அவள் மெல்லக் கீழே வைத்தாள்.

"அந்த ரூம் இருக்குதானே?" என்றாள்.